நாகூர் ஹனிபாவை எதிர்பாராத ஆட்களிடம் கேட்ட அனுபவங்கள்

வாவிக்கரை (ஆரையம்பதி)

இந்தத் திரியைத் தொடங்க வெகுநாளாக ஆசை. நாகூர் இ.எம். ஹனிபா பாடியது இஸ்லாமியப் பாட்டு, கேட்பவர்களும் முஸ்லிம்கள்தான் என்று வெளியூர்க்காரர்கள் எண்ணுவார்கள். இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. தமிழ் ஊரான ஆரையம்பதிக்கும் முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்கும் நடுவில் ஒரு வீதிதான். விடியற்காலையில் அந்தப் பக்கம் ரேடியோ திறந்தால் இந்தப் பக்கம் நாங்கள் பாய் சுருட்டுவோம்.

அப்படி வளர்ந்த நானே எதிர்பாராத ஓர் ஆளிடம் அவரைக் கேட்டேன். பெரும்போக அறுவடைக்குப் படுவான்கரையில் மாமாவின் வயலுக்கு வெட்டு மெசின் வந்தது. ஓட்டியவர் உகணைப் பக்கத்துச் சிங்கள இளைஞர். மழை வரப்போகிறது என்ற பயத்தில் இரவிலும் வேலை நடந்தது. மெசினை நிறுத்தி டீசல் ஊற்றும்போது அவருடைய போனில் ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ ஓடியது. எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலைக்கு நெல் ஏற்றிப் போய்க் காத்திருந்த இரவில் காவலாளி போட்டாராம், அவரிடமே போனில் ஏற்றி வாங்கிக்கொண்டாராம். சொற்கள் விளங்குமா என்றேன். “சொல்லு விளங்காது அண்ணே. இந்த மனுசன் யாரையோ கூப்பிடுறார், அது விளங்குது” என்றார்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஹனிபா பிறந்தது 1919 டிசம்பர் 25, மறைந்தது 2015 ஏப்ரல் 8. தொண்ணூற்றைந்து வயது வாழ்ந்தார். இசைமுரசு என்பது அவருடைய பட்டம். இஸ்லாமியப் பாட்டுக்குப் பேர்போன அதே ஆள்தான் திராவிட இயக்க மேடைகளிலும் பாடினார். கடவுள் இல்லை என்று பேசியவர்களும் நிறைந்த மேடை அது. ‘ஓடி வருகிறான் உதயசூரியன்’ அவர் குரலில்தான் தமிழ்நாட்டுத் தெருக்களில் ஓடியது. ஐந்து வேளை தொழுகிற ஒருவரும் பகுத்தறிவு பேசுகிற ஒருவரும் ஒரே குரலைத் தங்களுடையது என்று சொன்னார்கள். அது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

கேள்விப்பட்ட கதை வேண்டாம். நீங்கள் நேரில் கண்டதை எழுதுங்கள்.


பாண்டிருப்புப் பேத்தி

என் பெத்தாவை (பாட்டியை) பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலைத் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். பதினெட்டு நாள் திருவிழா, கடைசியில் தீமிதிப்பு. பெத்தா அந்த நாட்களில் மச்சம் (மீன், இறைச்சி) தொட மாட்டா, வீட்டுப் படலை தாண்டி வேறு எங்கும் போக மாட்டா. அப்படிப்பட்ட பக்தி. அதே பெத்தா, கொடியிறங்கி வீடு கழுவிய மறுநாள், அடுப்படியில் குந்தியிருந்து, நபியின் மகளைப் பற்றிய ‘பாத்திமா வாழ்ந்த முறை உனக்குத் தெரியுமா’ பாடுவா. முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை ஒரு சொல் தவறாது.

எப்படி வந்தது என்றால், பாண்டிருப்பை ஒட்டியது மருதமுனை என்ற முஸ்லிம் ஊர், மருதமுனை என்றால் கைத்தறி. இளம் வயதில் விதவையான பெத்தா, அங்கே ஒரு நெசவுக் குடும்பத்தில் ராட்டையில் நூல் சுற்றப் போனா. அந்த வீட்டில் ஒரு ரேடியோ. தறிச் சத்தத்தை மீறி ஒரு குரல் கேட்க வேண்டுமென்றால் அது ஹனிபாவின் குரலாக இருக்க வேண்டும் என்று பெத்தா சொல்லுவா. மற்றப் பாட்டெல்லாம் தறியின் ‘டக் டக்’கில் அமுங்கிவிடுமாம். பிறகு அந்த வீட்டார் கசெட் வாங்கினார்கள். கேட்டுக் கேட்டுப் பாடம்.

அவங்க சமயப் பாட்டை ஏன் பெத்தா பாடுறீங்க என்று நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அதற்குச் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: “பாஞ்சாலி சபையில நிண்டு நியாயம் கேட்டா. பாத்திமா வீட்டில இரிந்து பசி பொறுத்தா. ரெண்டும் பொம்புளப் பாடுதான் மளே.”

நான் பிறகு பல்கலைக்கழகத்தில் படித்தேன், பெண்களைப் பற்றி நிறையக் கட்டுரைகளும் வாசித்தேன். பெத்தா தன் வாழ்க்கையோடு இந்த இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்த மாதிரி ஒரு வரி எனக்கு எங்கும் கிடைக்கவில்லை.

1990இல் இரண்டு ஊருக்கும் நடுவில் போக்குவரத்து நின்றது. அந்த ஆண்டு கிழக்கில் தமிழர், முஸ்லிம் இரண்டு பக்கமும் நடந்த வன்முறை எல்லாருக்கும் தெரியும், நான் அதற்குள் போகவில்லை. பெத்தாவுக்கு வேலையும் போனது, நெசவு வீட்டு ராத்தாவின் (அக்காவின்) உறவும் போனது. அந்தக் காலத்தில் வீட்டில் யாராவது “இப்ப அந்தப் பாட்டைப் பாடாதீங்க” என்று தடுத்தால் பெத்தா குரலைக் கொஞ்சமும் குறைக்க மாட்டா. பாட்டு என்ன பாவம் செய்தது என்று கேட்பா. நிலைமை தணிந்ததும் முதலில் வேலி தாண்டி வந்தது அந்த ராத்தாதான், கையில் ஒரு சாறத்துணியோடு.

2004 டிசம்பர் 26 கடல் இரண்டு ஊரையும் சேர்த்தே அடித்தது. மருதமுனையில் அவர்கள் வீடு இல்லாமல் போனது, தறியும் போனது. எங்கள் வீடு கொஞ்சம் உள்ளே இருந்ததால் சுவர் மட்டும்தான் விழுந்தது. பெத்தா அரிசியும் தேங்காயும் எடுத்துக்கொண்டு அவர்கள் தங்கியிருந்த பாடசாலைக்குப் போனா, நானும் கூடப் போனேன். அங்கே யாரும் பாடவில்லை. பாடுகிற நேரமில்லை அது. ஆனால் அடுத்த வருடம் அவர்கள் கொட்டிலில் புதுத்தறி பூட்டிய அன்று பெத்தாவைக் கூப்பிட்டு, ராட்டைக்கு முன்னால் இருத்தி, “நீங்க பாடுங்க, ரேடியோ இன்னும் வாங்கல்ல” என்றார்கள். பெத்தா பாடினா. நெசவு வீட்டு ஆண்கள் வெளியே வேலியோரம் நின்று கேட்டார்கள்.


கோன் ஸ்பீக்கர் (வாழைச்சேனை)

மேலே எழுதியவர் தறிச் சத்தத்தைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. எங்கள் குடும்பத் தொழில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடுவது. கோயில், பள்ளி, தேவாலயம், கலியாணம், தேர்தல் கூட்டம் எல்லாவற்றுக்கும் போவோம். ஒரு குரல் எவ்வளவு தூரம் போகும் என்பது எங்களுக்குக் காசுக் கணக்கு.

பழைய கோன் ஸ்பீக்கரில் அடிச்சத்தம் வராது. மெல்லிய உச்சச் சத்தமும் தேய்ந்துபோகும். நடுவிலே உள்ள சத்தம்தான் பாய்ந்து போகும். மைக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்து முணுமுணுக்கிற பாட்டு வீட்டு ரேடியோவில் இனிக்கும், பனையில் கட்டிய கோனில் செத்துப்போகும். ஹனிபா மைக் இல்லாமலே ஊரைக் கூட்டிப் பழகிய தலைமுறை. தொண்டையைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தையும் முழுசாக வெளியே விடுவார். வயல்வெளிக்கு அப்பால் இரண்டு கட்டைக்கு (மைலுக்கு) நின்றாலும் சொல் விளங்கும். டி.எம்.எஸ்., சீர்காழி இரண்டு பேரும் அதே வகைதான். எங்கள் வாப்பா (அப்பா) புது யூனிட் வாங்கினால் இந்த மூன்று பேரைத்தான் போட்டுச் சோதிப்பார். மூன்றிலும் ஹனிபா கொஞ்சம் கூடத்தூரம் போவார் என்பது அவருடைய தீர்ப்பு. சொந்த மார்க்கம் என்பதால் சொல்லவில்லை, நானும் நடந்து போய்ப் பார்த்திருக்கிறேன்.

எதிர்பாராத ஆள் என்றால், வாகரைப் பக்கம் ஓர் அம்மன் கோயில் சடங்கு. கதவு திறத்தல் முடிந்து, கட்டாடியார் (பூசாரி) களைத்துப் போய் மண்டபத்தில் சாய்ந்திருந்தார். நடுச்சாமம். எங்கள் பெடியன் வழக்கமான அம்மன் பாட்டுக் கசெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். கட்டாடியார் கைகாட்டிக் கூப்பிட்டு, “தம்பி, உங்கட ஆள்ற அந்தக் கையேந்துற பாட்டு இரிக்கா?” என்று கேட்டார். நாங்கள் தயங்கினோம். கோயில் தலைவரைப் பார்த்தோம். தலைவர் “போடு போடு, அவர் கேட்டா அம்மாள் கேட்ட மாதிரித்தான்” என்றார். போட்டோம். படுத்திருந்த சனம் எழுந்து உட்கார்ந்தது. அடுத்த வருடத்திலிருந்து அந்தக் கோயிலுக்குப் போகும்போது கசெட்டை நாங்களே எடுத்து வைத்துவிடுவோம்.


கூத்துக்காரன் மகள் (படுவான்கரை)

என் அப்பா அண்ணாவியார், கூத்துப் பழக்குகிறவர். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்து வகையும் பழக்குவார். சட்டம் (பாட்டுப் பிரதி) கொடுத்து, மாதக்கணக்கில் பழக்கி, சதங்கை அணிந்து, அரங்கேற்றம்வரை பெடியன்களின் தொண்டையோடு போராடுவது அவர் வேலை. களரியைச் சுற்றி நாலு பக்கமும் சனம் இருக்கும். ஆடிக்கொண்டே பாட வேண்டும், விடியும்வரை பாட வேண்டும். இப்போது மைக் தொங்கவிடுகிறார்கள், அப்பாவுக்கு அது பிடிக்காது.

பெடியன்கள் சினிமாப் பாட்டுப் பழக்கத்தில் மூக்காலும் உதட்டாலும் பாடுவார்கள். ஒருநாள் அப்பா ஒரு பழைய செட்டைக் கொண்டுவந்து வைத்து ஹனிபா பாட்டைப் போட்டார். அர்ச்சுனன் வேஷத்துக்குத் தெரிவான பெடியனைக் கூப்பிட்டு, “இந்தாள் எங்க இரிந்து பாடுறார் எண்டு காது குடுத்துப் பாரு. நெஞ்சில இரிந்து. வாய் முழுக்கத் திறந்திரிக்கி. கடைசியா இரிக்கிற கிழவிக்குக் கேக்கணும் எண்டு பாடுறார்” என்றார். பிறகு அதே மெட்டில் அவனைக் கத்தச் சொன்னார். மத்தளம் வேறு தாளத்தில் போனாலும் பரவாயில்லை, குரல் மட்டும் திறக்கட்டும் என்றார்.

பாட்டுக்காரர்களுக்குள் ஒருவரை ஒருவர் அடையாளம் காண்கிற விதம் வேறு. ஹனிபா முறையாகச் சங்கீதம் படித்தவரில்லை என்று எங்கோ வாசித்துச் சொன்னேன். அப்பா சிரித்தார். “படிச்சிரிந்தா இந்தத் தொண்டையைக் கட்டியிருப்பாங்க” என்றார். இதை எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், எனக்கும் முழுச் சம்மதமில்லை. சீர்காழி முறையாகப் படித்தவர், அவருடைய தொண்டையை யாரும் கட்டவில்லையே. ஆனால் அப்பா அதைச் சொன்னது அத்தனை மரியாதையோடு.


ஜவுளிக்கடை (காத்தான்குடி)

இந்தத் திரியில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் அது முழுமையாகாது. எங்களுக்குள்ளேயே இப்போது ஹனிபா பாட்டைக் கேட்காதவர்கள் நிறைய. இசைக்கருவி கூடாது, தர்காவையும் அவுலியாக்களையும் (இறைநேசர்களையும்) புகழ்ந்து பாடுவது கூடாது என்பது அவர்களுடைய நிலைப்பாடு. என் தம்பி அந்தக் கருத்துடையவன். மார்க்கத்தை ஆழமாகப் படித்தவன், அவன் சொல்வதில் எனக்கு மரியாதை உண்டு. வாப்பா மௌத்தான (காலமான) பிறகு வீட்டில் சண்டை வேண்டாம் என்று கசெட் பெட்டியைக் கடையின் பின்னறையில் வைத்துவிட்டேன்.

அப்படி இருக்கையில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் கூறைச்சேலை எடுக்க வந்தது. பொம்பிளையின் (மணப்பெண்ணின்) பெரியப்பா, நல்ல வயசாளி, சேலையைப் பார்க்காமல் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “முந்தி இஞ்ச ஹனிபா பாட்டுப் போடுவாரே முதலாளி, எங்க?” என்று கேட்டார். வாப்பாவைத்தான் கேட்கிறார். மௌத்தாகிவிட்டார் என்றேன். அவர் கதிரையில் இருந்துகொண்டு மெல்லத் தொடங்கினார். நபிகள் நாயகத்தைப் பற்றிய ஒரு பாட்டு. எனக்கு அதன் நடுப்பகுதி மறந்தே போயிருந்தது, அவர் தடுமாறாமல் பாடி முடித்தார். திருநீறு பூசிய நெற்றி. கடையில் நின்ற பெண்கள் சேலையை மடித்தபடியே கேட்டார்கள். தம்பியும் அன்று கடையில் இருந்தான். எழுந்து போகவில்லை, கடைசிவரை நின்று கேட்டான், பெரியவருக்குத் தேநீர் எடுத்துவரச் சொன்னதும் அவன்தான்.

எப்படிப் பாடமானது என்று கேட்டேன். மாடு வாங்கவும் நெல் விற்கவும் காத்தான்குடிக்கு வந்து, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, எங்கள் வாப்பாவோடு கடையில் படுத்த இரவுகள் உண்டாம். அந்தக் கதை எனக்கே தெரியாது. கசெட் பெட்டியை அவரிடமே கொடுத்து அனுப்பினேன். கொக்கட்டிச்சோலையில் இன்றும் அது ஓடுகிறது, அவருடைய மகன் போனில் ஒலிப்பதிவு அனுப்பினார்.


வாவிக்கரை (ஆரையம்பதி)

ஜவுளிக்கடைக்காரருக்கு நன்றி. இதை இவ்வளவு நேராகச் சொன்னதற்கு. மார்க்க விஷயத்தில் யாரும் இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்று எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன்.


டச்பார்

மட்டக்களப்பு டச்பாரில் எங்கள் அயல் வீட்டில் ஒரு பறங்கி (ஐரோப்பிய வம்சாவளி) அங்கிள் இருந்தார். தச்சு வேலை. மட்டக்களப்புப் பறங்கியர்களைப் பற்றி வெளியில் அதிகம் தெரியாது: கத்தோலிக்கர், வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல், வெளியில் தமிழ், தச்சும் இரும்பு வேலையும் பரம்பரைத் தொழில், கலியாண வீட்டில் வயலினும் கபிறிஞ்ஞா என்ற ஆட்ட இசையும். அங்கிள் நன்றாக வயலின் வாசிப்பார்.

அவருக்கு வேலை கொடுத்தவர்களில் பாதிப்பேர் காத்தான்குடி வியாபாரிகள். கட்டில், அலுமாரி, கடைக்கு மேசை. அவர்களுடைய கடைகளில் இழைப்புளி தள்ளிக்கொண்டே கேட்ட மெட்டுகளை வீட்டுக்கு வந்து வயலினில் எடுத்துப் பார்ப்பார். ஒரு நத்தார் இரவு, பூசை முடிந்து எல்லாரும் கூடியிருக்க, கபிறிஞ்ஞா வாசித்து ஆட்டம் எல்லாம் முடிந்த பிறகு ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ மெட்டை மெதுவாக வாசித்தார். அவருடைய மனைவி கையைக் கோத்துக்கொண்டு கேட்டார். பாட்டின் சொற்கள் அந்தக் கூட்டத்தில் பலருக்குத் தெரிந்திருந்தன, சிலர் கூடவே பாடினார்கள். நாங்கள் இந்துக்கள், பக்கத்து வீட்டுக்காரர்களாக அங்கே நின்றோம். டிசம்பர் 25 ஹனிபாவின் பிறந்தநாள் என்பது இந்தத் திரியைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். அங்கிளுக்கு அது தெரிந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.

சுனாமியில் டச்பார் என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வயலினும் அங்கிளும் இல்லை.


சம்மாந்துறை மச்சான்

டச்பார்க்காரருக்கு: எங்கள் வீட்டு அலுமாரி ஒன்று மட்டக்களப்புப் பறங்கி ஓடாவி (தச்சர்) செய்தது. அறுபது வருஷம் ஆகியிருக்கும், கதவு இன்னும் இறுகவில்லை. யார் செய்தார் என்று உம்மாவிடம் கேட்டுப் பார்க்கிறேன்.


அலைமேலே (பொத்துவில்)

சுருக்கமாகச் சொல்கிறேன். அறுகம்பேயில் சர்ப் பலகை வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில் வேலை. சீசன் மே மாதம் தொடங்கிப் புரட்டாசிவரை. விடிய முன்னமே ஓட்டோவில் பலகையைக் கட்டி ஆட்களை வேறு வேறு முனைகளுக்குக் கொண்டு போக வேண்டும். எங்கள் கூட்டத்தில் பொத்துவில் முஸ்லிம் பெடியன்கள், பாணமைப் பெடியன்கள், கோமாரித் தமிழ்ப் பெடியன்கள் எல்லாரும் இருக்கிறோம். நீண்ட முடி, பச்சைகுத்து, இரவானால் ரெகே. ஊர்ப் பெரியவர்கள் எங்களைக் கெட்டுப்போனவர்கள் என்று சொல்வார்கள்.

ஆனால் விடியலில் ஓட்டோவில் ரெகே ஓடாது. ஹனிபாதான். யார் தொடங்கிய பழக்கம் என்று தெரியாது. கடலில் இறங்கப் போகிற நேரம் அது வேண்டும், அவ்வளவுதான். பாணமைப் பெடியன் ஒருவன் புத்த சமயம், அவனுக்குப் பல்லவி முழுவதும் தெரியும். பெரிய அலை வருகிற நாளில் அவன்தான் “ஹனிபா மாமாவைப் போடு” என்பான். ஓட்டோவில் வந்த ஓர் அவுஸ்திரேலியக்காரர் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போனார். ஊருக்குப் போய்க் கேட்டாரா தெரியாது, இங்கே இருந்தவரை தினமும் கேட்டார்.


அமிர்தகழியான்

சினிமாப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். 1961இல் வந்த பாவ மன்னிப்பு படத்தில் டி.எம்.எஸ்ஸோடு சேர்ந்து ‘எல்லோரும் கொண்டாடுவோம்’ பாடியது ஹனிபாதான். எங்கள் அப்பா தலைமுறை அந்தப் பாட்டில்தான் அவரைப் பிடித்தது. டி.எம்.எஸ். குரலோடு நேருக்கு நேர் நிற்பது லேசான காரியமில்லை. இரண்டு பேருமே விட்டுக்கொடுக்காமல் பாடியிருப்பார்கள். 1992இல் செம்பருத்தியிலும் இளையராஜா இசையில் பாடினார்.

எனக்கு முக்கியமானது 1997இல் வந்த ராமன் அப்துல்லா. அதை இயக்கிய பாலு மகேந்திரா எங்கள் அமிர்தகழியில் பிறந்தவர். அந்தப் படத்தில் இளையராஜா இசையில் ஹனிபா பாடிய ‘உன் மதமா என் மதமா’வை நான் மட்டக்களப்பில் ஒரு ரெக்கோடிங் பாரில் (பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையில்) முதலில் கேட்டேன். மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு முந்தின நாட்கள், கடைத்தெரு முழுக்கச் சனம். கடைக்காரர் அதையே திரும்பத் திரும்பப் போட்டார். வீதியில் நின்ற சோதனைச் சாவடிச் சிப்பாய்கூடத் தலையாட்டிக்கொண்டிருந்தார். மட்டக்களப்பில் தமிழனும் முஸ்லிமும் பட்டது பட்டபடி இருந்த காலம். இந்த ஊரில் பிறந்த ஒருவர், அந்தக் குரலைக் கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தார் என்று எனக்கு அன்று தோன்றியது. இயக்குநர் நம் ஊரை நினைத்து வைத்தாரா என்பது வேறு விஷயம். எங்களுக்கு அப்படித்தான் கேட்டது.

அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். குரலில் கொஞ்சம் மணல் ஏறியிருக்கும். அதனாலேயே எனக்கு அந்தப் பாட்டு இன்னும் பிடிக்கும்.


இரவுப்பணி (அக்கரைப்பற்று)

தாதியாக வேலை செய்கிறேன். ஆண்கள் வார்டில் இரவில் வலியால் தூங்காமல் கிடந்த ஒரு நோயாளி, அளிக்கம்பையைச் சேர்ந்தவர். அந்தச் சனம் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், தேவாலயத்துக்குப் போவார்கள். பாம்பாட்டிகள் என்று ஊர் அவர்களைத் தள்ளி வைத்துப் பேசும், அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒலுவிலைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் காக்கா (அண்ணன்). காக்காவின் மகன் போனில் குறைந்த சத்தத்தில் ஹனிபா பாட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் நிறுத்தப் போனேன். அளிக்கம்பைக்காரர், “நிப்பாட்டாதீங்க மிஸ், இது எங்கட அய்யா பாடுற பாட்டு” என்றார். தகப்பன் ஊர் ஊராகத் திரிந்தபோது முஸ்லிம் கடைத்தெருக்களில் கேட்டுப் பிடித்து, குடிசையில் பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டுவாராம். இரண்டு கட்டில்காரர்களும் அன்று பேசத் தொடங்கியவர்கள், வீட்டுக்குப் போகும்வரை சோற்றைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள்.


ஆறாம் சுரம் (கல்முனை)

ராப் பாடுகிற பெடியன்கள் நாங்கள். ஒரு பாட்டில் ஹனிபாவின் ஆலாபனை ஒன்றை வெட்டி அடியில் வைத்துப் பார்த்தோம். மூன்று பேருக்கும் மனம் ஒப்பவில்லை. அந்தக் குரலை நாலு செக்கனுக்குள் அடக்க முடியாது, அது வந்ததும் மற்றதெல்லாம் சின்னதாகிவிடுகிறது. எடுத்துவிட்டு, அவர் சொல்லை உச்சரிக்கிற முறையை மட்டும் படித்தோம். ழகரமும் றகரமும் எப்படி விழுகிறது என்று கேட்டுப் பாருங்கள். ராப்புக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.


கரைவலை (காரைதீவு)

நான் கடல் தொழில் செய்கிறவன். எழுதிப் பழக்கமில்லை, மகள் தட்டச்சுச் செய்கிறாள்.

கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளியில் நாகூர் ஆண்டகை பெயரால் வருஷா வருஷம் கொடியேற்றம் நடக்கும். பன்னிரண்டு நாள். நாகூரில் அடங்கியிருக்கிற சாகுல் ஹமீது வலியுல்லா கடலில் போகிறவர்களைக் காப்பவர் என்று எங்கள் ஆட்களும் நம்புகிறோம். புதுத்தோணி இறக்கினால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கொடிக்குப் போய் நேர்த்தியும் வைத்துவிட்டு வருவோம். அப்பா காலத்திலிருந்து அப்படி. ஹனிபா பாட்டு எங்களுக்கு வந்த வழி அந்தக் கொடிதான். அங்கே ஸ்பீக்கரில் அவர் நாகூரைப் பற்றிப் பாடுவார், நாங்கள் மணலில் உட்கார்ந்து கேட்போம்.

கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவோம். ஒருவர் அடி எடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடி இழுப்பது. எங்கள் தண்டயல் (வலைக்குழுத் தலைவர்) ஒரு முஸ்லிம் காக்கா, இழுக்கிறவர்களில் தமிழ் ஆட்களும் சரிபாதி. வலை பாரமாக வரும் நாளில் பழைய அம்பா முடிந்துபோனால் காக்கா ஹனிபா பாட்டில் ஓர் அடியை எடுத்து அம்பா மெட்டில் போட்டுவிடுவார். நாங்கள் வாங்குவோம். யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவன் என்று அந்த நேரம் யாரும் பார்க்க மாட்டார்கள், வலை கரைக்கு வந்தால் போதும்.

2015இல் ஹனிபா காலமான செய்தி வந்த அன்று நாங்கள் வாடியில் (கடற்கரைக் குடிலில்) இருந்தோம். காக்கா கேட்டதும் எழுந்து போய், தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளுச் செய்தார். அடுத்த நாள் வலை வளைத்தோம், காக்கா வழமை போல அடி எடுக்காமல் நின்றார். எங்கள் ஆட்களில் ஒருவன், ஆடி அமாவாசைக்குத் தவறாமல் திருக்கோவில் போகிறவன், ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்று அவன்பாட்டுக்கு எடுத்தான். எல்லாரும் வாங்கினோம். காக்காவும் இரண்டாம் அடியில் சேர்ந்துகொண்டார். அன்று கீரி மீன் நல்ல பாடு. பங்கு பிரிக்கும்போது காக்கா தன் பங்கில் ஒரு பகுதியை எடுத்து, பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த ஏழைச் சனத்துக்கு ஹனிபா பெயரில் கொடுக்கச் சொன்னார். நாங்களும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். இப்போதும் கொடி நாட்களில் அந்தக் குழு அதைச் செய்கிறது. இந்த வருஷமும் வாருங்கள், மணலில் இடம் இருக்கிறது.